இன்ட்ரோவர்ட்டின் நாற்காலி

அறுபத்தோரு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நான் ஒரு இன்ட்ரோவர்ட் என்பதைக் கண்டுபிடித்தேன்.

அதுவரை யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. அப்படி ஓர் அடக்கம்.

தெரிந்ததும் பால் பாக்கெட் போடுகிறவரிடம் சொன்னேன். மாடியில் குடியிருக்கும் வீணா ஆபீசுக்குப் படியிறங்கியபோது நிறுத்திச் சொன்னேன். குழந்தை இயேசு கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தவர்களில் தெரிந்தவர்களிடம் சொன்னேன். தெரியாதவர்களிடம் அறிமுகப்படுத்திக்கொண்டு சொன்னேன். இட்லி வேகுமுன் விவேக் நகர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: ஞானசேகரன் யாரோடும் அதிகம் பேசாத டைப்.

நடந்தது இதுதான். மகள் ஜூடித் புனேயில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். அவள் என் வாட்ஸ்அப்புக்கு ஒரு டெஸ்ட் அனுப்பியிருந்தாள். நீங்கள் எந்த டைப், உங்கள் டைப்புக்கு எந்தப் புத்தகம் என்று அது சொல்லுமாம். ஓய்வு கிடைத்தால் நண்பர்களோடு பேசுவீர்களா, புத்தகத்தோடு தனியாக இருப்பீர்களா என்று கேட்டது. புத்தகத்தை அமுக்கினேன். மனிதன் எப்படி இருக்கிறான் என்பது ஒரு விஷயமா? எப்படி இருக்க ஆசைப்படுகிறான் என்பதல்லவா விஷயம். அதே ரீதியில் எல்லாவற்றுக்கும் பதில் போட்டேன். முடிவு வந்தது. நான் இன்ட்ரோவர்ட். ஆழ்ந்த வாசகர். கனமான நூல்களை நாடுகிறவர். எனக்கு உடனடித் தேவை தனிமை.

கனமான நூல் என்னிடம் இருக்கிறது. உலக வரலாறு, ஒரே தொகுதி, ஆயிரத்து நானூறு பக்கம். அதன் கனத்துக்கு வீடே சாட்சி. சுருண்டுபோன சர்டிபிகேட்டெல்லாம் அதன் அடியில்தான் நிமிரும். வடகம் காயவைத்த துணி காற்றில் பறக்காமலிருக்க, ஒரு முனையில் அதைத்தான் வைப்பாள் என் மனைவி பிரிஸில்லா. பன்னிரண்டு வருஷமாக அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது இருபத்திரண்டாம் பக்கம். மனிதன் இன்னும் நெருப்பைக் கண்டுபிடிக்கவில்லை.

தப்பு என்மேல் இல்லை. இடம் சரியில்லை. சரியான இடமோ கண்ணெதிரே காலியாகக் கிடந்தது. மகன் நோயலுக்குக் கல்யாணமாகி, பொம்மசந்திரா ஃபேக்டரிக்குப் பக்கமாகக் குடிபோய்விட்டான். அவனுடைய அறை. ஒரு ஜன்னல், ஒரு கதவு. கதவில் உள்தாழ்ப்பாள்.

ஒரே ஒரு சிக்கல். அந்த அறையை பிரிஸில்லா முன்னாடியே கேட்டிருந்தாள். நோயல் சாமான் ஏற்றிப் போன அன்றைக்கே.

“அந்த ரூம்ல தினம் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திட்டு உட்காரணும்னு ஆசையா இருக்குங்க.”

“உட்கார்ந்து?”

“சும்மாத்தான்.”

“சும்மா உட்கார்றதுக்கு எதுக்கு ஒரு ரூம்? ஹால்லயே உட்காரேன்.”

“ஹால்ல நீங்க இருக்கீங்களே.”

அவள் எதையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறவள் இல்லை. அதனால் அதை நான் காதில் வாங்கவில்லை.

இப்போது விஞ்ஞானமே என் பக்கம். ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. பிரிஸில்லாவுக்கும் டெஸ்ட் எடுத்தேன். அவள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்ததால் அவள் சார்பில் நானே பதில் போட்டேன். அவள் கலகலப்பான எக்ஸ்ட்ரோவர்ட் என்று வந்தது. சமையல் குறிப்பும் லேசான துணுக்குகளும் போதுமாம். முற்றிலும் சரி. அவள் வாசிப்பு எப்படி என்று எனக்குத் தெரியாதா? கடலை மடித்த காகிதத்தைப் பிரித்துப் படிப்பாள். காலண்டர் தாளின் பின்பக்கம், மாத்திரை டப்பாவுக்குள் இருக்கும் பொடி எழுத்து, கோயில் நூலகத்திலிருந்து கொண்டுவரும் அட்டை கிழிந்த நாவல், எல்லாம் படிப்பாள். பஸ்ஸில் நின்றுகொண்டே படிப்பாள். படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். படித்ததை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அது என்ன படிப்பு? நான் இருபத்திரண்டு பக்கம்தான் படித்திருக்கிறேன். ஆனால் அந்த இருபத்திரண்டு பக்கம் தெரியாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது.

முடிவை அவளிடம் காட்டினேன்.

“நானா கலகலப்பு?” என்றாள்.

“நான் சொல்லல. டெஸ்ட் சொல்லுது.”

ரசத்தை இறக்கி வைத்தாள். “சரிங்க” என்றாள்.

கல்யாணமானவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். மனைவி சத்தம் போட்டால் பயப்படாதீர்கள். “சரிங்க” என்று சொன்னால் உடனே மண்டியிட்டுச் செபம் செய்யுங்கள். நான் செய்யவில்லை. பரணிலிருந்து டேபிள் லேம்ப்பை இறக்கினேன்.

பிரிஸில்லாவே என் பிரம்பு நாற்காலியை அறைக்குள் கொண்டுபோய்ப் போட்டாள். உலக வரலாற்றைத் துடைத்து, ஒட்டியிருந்த வடகத் துணுக்கைச் சுரண்டி, என் மடியில் வைத்தாள். என் நெற்றியில் சிலுவை வரைந்தாள். கதவைச் சாத்தினாள்.

ஃபேக்டரியில் முப்பது வருஷம் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசியே பழகியவன் நான். அமைதி எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. காதுக்குள் ஏதோ நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. அரைப்பக்கம் படித்தேன். ஆதிமனிதன் குகையில் வாழ்ந்தான், பச்சை மாமிசம் தின்றான். இதைப் படித்துவிட்டு ஒரு மனுஷன் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? கதவைத் திறந்தேன்.

“பிரிஸில்லா, இதைக் கேளேன். அந்தக் காலத்துல மனுஷன்...”

அவள் உதட்டில் விரல் வைத்தாள். “பேசினா உங்க டைப்புக்கு அசதியாயிடுமாம். ஜூடித் சொன்னா. உள்ள போங்க.”

கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள். அவள் எதையும் மெதுவாகத்தான் செய்வாள்.

அதற்குப் பிறகு காபி கதவுக்கு வெளியே ஸ்டூலில் வந்தது. தட்டினால் தனிமை கலையுமென்று அவள் தட்டவில்லை. ஆடை கட்டிய பிறகுதான் நான் கண்டுபிடித்தேன். சாப்பாடும் அப்படியே. டெலிபோன் அடித்தால், “அவர் இப்போ பேச மாட்டாருங்க” என்று அவள் பதில் சொல்வது கேட்கும். அவள் பேசுவதையாவது கேட்கலாம் என்று கதவில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊருக்குப் போயிருந்த ரெமிஜியஸ் வியாழக்கிழமை சாயங்காலம் வந்தான். என் பழைய சிநேகிதன், எதிர்வீடு. தினம் வந்து அரசியலைச் சீர்படுத்திவிட்டுப் போவான். கேட்டிலேயே அவனை நிறுத்திவிட்டாள்.

“அவர் இன்ட்ரோவர்ட் ஆயிட்டாருண்ணே.”

“ஐயோ, எப்பத்துலேருந்து?”

“செவ்வாய்க்கிழமையிலேருந்து.”

அவள் குரலில் அவ்வளவு சாந்தம். ரெமிஜியஸ் தலையிலிருந்த குல்லாயைக் கழற்றிவிட்டான். மறுநாள், கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரின் மனைவி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, பரவுகிற வியாதியா என்று விசாரித்தாராம். கோயிலில் எனக்காக மன்றாட்டு ஒப்புக்கொடுத்தார்கள். முடிதிருத்தக் கடையில் பச்சைமுத்து கூட, வழக்கமாக என்னோடு கிரிக்கெட் பேசுகிறவர், ரேடியோவை அணைத்துவிட்டு மௌனமாக வெட்டினார். ஒரு காது போயிருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது.

இதையெல்லாம் தாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ரெமிஜியஸ் பேரனுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் விசேஷம். ஓசூர் ரோடு பக்கம் ஹால் பிடித்து மட்டன் பிரியாணி. நான் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்து நின்றால், பிரிஸில்லா பட்டுப் புடவையில் கிளம்பிக்கொண்டிருக்கிறாள்.

“நீங்க எங்க? அங்க முன்னூறு பேர் வர்றாங்க. உங்க டைப்புக்கு ஆகாதுன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேனே. அவரும் பாவம், புரிஞ்சுக்கிட்டாரு.”

எனக்குத் தயிர்சாதம் பிசைந்து வைத்திருந்தாள். அதைத் தின்றுவிட்டு இருபத்து மூன்றாம் பக்கத்தைப் பார்த்தேன். ஆதிமனிதன் வேட்டையாடிவிட்டு, கூட்டமாக உட்கார்ந்து மாமிசம் தின்றுகொண்டிருந்தான். புத்தகத்தை மூடினேன்.

அவள் திரும்பி வந்ததும், “கறி வெந்திருந்ததா?” என்று மட்டும் கேட்டேன்.

“பஞ்சு மாதிரி” என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப வாஞ்சையாக, “எனக்கே மனசு கேக்கலைங்க. எல்லாரும் உங்களைத் தப்பா நெனைச்சிட்டிருக்காங்க. இந்த வாரம் அன்பியம் நம்ம வீட்லதானே? இன்ட்ரோவர்ட்னா என்னன்னு நீங்களே அஞ்சு நிமிஷம் விளக்கிடுங்களேன்” என்றாள்.

அன்பியம் என்பது எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் முறை வைத்து ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்லி, வேதம் வாசித்து, சுண்டல் சாப்பிட்டுக் கலைவது. ரெமிஜியஸ்தான் பொறுப்பாளர்.

என் டைப் கூட்டத்தில் பேசாது என்று நினைவூட்டினேன்.

“வேற யாருக்குங்க இதெல்லாம் தெரியும்?” என்றாள்.

அதுவும் நியாயம்தான் என்று பட்டது.

புதன்கிழமை ஹால் நிரம்பிவிட்டது. நாற்காலி போதாமல் அறையிலிருந்த என் பிரம்பு நாற்காலியையும் பிரிஸில்லா வெளியே கொண்டுவந்து போட்டாள். கூடவே டேபிள் லேம்ப்பையும். செபமாலை முடிந்தது. நான் எழுந்தேன்.

அஞ்சு நிமிஷம் என்றுதான் ஆரம்பித்தேன். பேசப் பேச உடம்பில் ரத்தம் ஓடியது. ஒரு வாரத்துப் பேச்சு, அணை திறந்த மாதிரி வந்தது. ஒவ்வொருவருக்கும் டைப் சொன்னேன். உபதேசியார் மனைவி கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற டைப். அதனால்தான் எந்தக் கல்யாணத்திலும் பந்திக்கு முந்திவிடுகிறார். ரெமிஜியஸ் இரவல் வாங்கித் திருப்பித் தராத டைப். அவன் வீட்டில் இருப்பதெல்லாம் மற்றவர்களுடைய டைப். ஜனங்கள் சிரித்தார்கள். சுண்டல் தீர்ந்தது. டீ இரண்டாம் முறை வந்தது. கைக்குழந்தையோடு எழுந்த ஒரு பெண்ணை, தனிமையின் மகிமையைப் பாதி கேட்டுவிட்டுப் போகக் கூடாதென்று உட்காரவைத்தேன்.

உச்சத்துக்குப் போனேன்.

“உண்மையான இன்ட்ரோவர்ட் எப்படி இருப்பான் தெரியுமா? தன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டான். கையில கிடைச்சதைப் படிப்பான். படிச்சதை உள்ளேயே வெச்சுக்குவான். அந்த ஜீவனுக்கு ஒரு கதவு வேணும். கதவு இருந்தும் கொடுக்காம இருக்கறது பாவம்.”

செபக்கூட்டத்தில் பாவம் என்று சொன்னால் தூங்குகிறவர்களும் நிமிர்வார்கள். நிமிர்ந்தார்கள். ரெமிஜியஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“ஏன் ஞானா, நீ சொல்றது அப்படியே நம்ம தங்கச்சி மாதிரி இல்ல இருக்குது?”

எல்லாரும் திரும்பினார்கள். சமையலறை வாசலில் பிரிஸில்லா தட்டோடு நின்றிருந்தாள்.

அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆமாம் என்றிருந்தால், பார்த்தீர்களா தன்னைப் பற்றிப் பேசிவிட்டாள் என்றிருப்பேன். இல்லை என்றிருந்தால், அவளே இல்லை என்கிறாளே என்றிருப்பேன். அவள் பேசவில்லை. காலி டம்ளர்களை எடுத்துத் தட்டில் வைத்தாள். சுண்டல் மடித்த காகிதம் ஒன்று தரையில் கிடந்தது. எடுத்து நிமிர்த்தினாள். எல்லாரும் பார்க்கப் பார்க்க இரண்டு வரி படித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

“மாதாவே” என்றார் உபதேசியார் மனைவி. “இத்தினி வருஷமா நமக்குத் தெரியலையே.”

என் டெஸ்ட் முடிவைக் காட்டலாமென்று செல்போனை எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை. ரெமிஜியஸ், ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன் என்றான். இந்த வீட்டில் அதிகமாகப் பேசுவது யார்? கைக்குழந்தை கூட என் பக்கம் பார்த்தது.

கடைசியில் அவனே சமாதானம் செய்தான். வாரா வாரம் புதன்கிழமை இதே ஹாலில் வாசிப்பு வட்டம், ஞானசேகரன்தான் தலைவர் என்று அறிவித்தான். கை தட்டினார்கள். தலைவர் பதவியை மறுக்கிற டைப் எந்த டெஸ்ட்டிலும் கிடையாது. பிரம்பு நாற்காலி தலைவர் நாற்காலி ஆயிற்று. ஹாலிலேயே தங்கிவிட்டது. நோயலின் அறையில் உள்தாழ்ப்பாள் விழும் சத்தம் அன்றைக்கே கேட்டது.

ஜூடித்தைக் கூப்பிட்டு நியாயம் கேட்டேன். டெஸ்ட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது, உன் அம்மாவுக்கு அது பொருந்தவில்லை என்றேன்.

“இல்லையேப்பா. அம்மா போன மாசமே போட்டு இன்ட்ரோவர்ட்னு வந்துடுச்சே. உங்களுக்கும் அனுப்பச் சொன்னதே அவங்கதான்.”

இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. ஆதலால் நானும் கொஞ்சம் இன்ட்ரோவர்ட்தான்.

முதல் வாசிப்பு வட்டத்துக்கு நல்ல கூட்டம். குகை, பச்சை மாமிசம், வேட்டை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் வெளுத்து வாங்கினேன். அப்போது உபதேசியார் மனைவி, கடைசிப் பக்க டைப் அல்லவா, குறுக்கே புகுந்தார். அதெல்லாம் இருக்கட்டும், மனுஷன் எப்போது நெருப்பைக் கண்டுபிடித்தான் என்றார்.

தலைவர் தெரியாது என்று சொல்லக் கூடாது. ஒரு நிமிஷம் என்று எழுந்துபோய் அறைக் கதவைத் தட்டினேன். நெடுநேரம் கழித்து ஒரு விரல்கடை திறந்தது. பிரிஸில்லாவின் கையில் உலக வரலாறு. விரல் ஏதோ ஒரு பக்கத்தில் இருந்தது. முதல் பக்கங்களில் இல்லை.

“அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் குடு. நெருப்பு எந்தப் பக்கத்துல வருதுன்னு பார்க்கணும்” என்றேன்.

“நெருப்பெல்லாம் போன வாரமே வந்துடுச்சுங்க. இப்போ ரோமாபுரியே எரிஞ்சுக்கிட்டிருக்கு. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.