ஷாங்காய் போன மேற்குத் தெருச் சாக்கடை

கருங்கல்மேடு பேரூராட்சியின் மேற்குத் தெருச் சாக்கடை, உள்ளூரில் இருந்துகொண்டு சரிசெய்யக்கூடிய சாக்கடை அல்ல என்று மன்றக் கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அடைத்திருக்கும் மண்ணை நாலு ஆள் வைத்து அள்ளினால் போதும் என்று நினைக்கிற பாமரர்கள் எங்கள் ஊரில் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். ஆனால் செயல் அலுவலர் நவநீதகிருஷ்ணன் படித்தவர். "அள்ளுவது தற்காலிகத் தீர்வு. நிரந்தரத் தீர்வு ஷாங்காய் நகரத்தில் இருக்கிறது" என்று குறிப்பு எழுதினார். நான்கு நாள் ஆய்வுப் பயணம் உடனே முடிவாயிற்று.

இதில் அதிகம் சந்தோஷப்பட்டது சௌந்திரம்தான். என் பக்கத்து வீட்டுக்காரி. தெருவின் பள்ளத்தில் மாவு மில் வைத்திருக்கிறாள். புருஷன் போன பிறகு அதுதான் பிழைப்பு. போன வருஷ மழைக்குச் சாக்கடை உள்ளே புகுந்து மோட்டார் புகைந்துபோனது. இன்னொரு தடவை புகைந்தால் மில்லை மூட வேண்டியதுதான்.

"ஏனுங்க தலைவரே, ஐப்பசி மழைக்குள்ள வேலை முடிஞ்சிருங்களா?" என்று பயணக் குழு கிளம்பிய அன்று கேட்டாள்.

"அம்மிணி, நான் ஊர் சுத்திப் பாக்கவா போறேன்? சாக்கடை பாக்கப் போறேன்" என்றார் தலைவர் வெள்ளியங்கிரி, புதுக் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. சாக்கடையை மகளிர் கண்ணோட்டத்தில் பார்ப்பதற்காக அவருடைய மனைவி மைதிலியும் கூடவே போனார்.

தலைவர் ஒன்றும் சாமானியர் அல்ல. சொந்தமாக லாரிகள் ஓட்டுகிறவர். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம் பழம் வைத்து நசுக்காமல் எந்த வண்டியிலும் ஏறமாட்டார். ஷாங்காயில் இறங்கியதும் முதலில் காய்கறிச் சந்தைக்குத்தான் போனார்கள். வாடகைக் கார், சுற்றுலாப் பேருந்து எல்லாவற்றுக்கும் முறைப்படி பழம் வைக்கப்பட்டது. ஒவ்வொன்றும் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் படமாக வந்தது. ஆற்றங்கரையில் தலைவர், கோபுரத்தடியில் தலைவர், நூடுல்ஸில் பருப்புப்பொடி தூவும் தலைவர். சௌந்திரம் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, பின்னால் எங்காவது சாக்கடை தெரிகிறதா என்று தேடினாள். பாவமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் மழைநீர் வடிகால் நிலையத்தைப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தார்கள். போகிற வழியில் அந்த ஊரின் அதிவேக ரயிலிலும் ஏறிவிடலாம் என்றாள் வழிகாட்டிப் பெண். அங்கேதான் வினை வந்தது. தலைவர் பழத்தோடு நடைமேடை ஓரத்தில் குனிந்ததை மைதிலி வீடியோ எடுத்து அனுப்பினார்.

"சார், இதுக்கு டயர் எங்கீங்க?"

"இதுக்குச் சக்கரமே கிடையாதுங்க தலைவரே. காந்தத்துல மிதந்து போகுதாம்" என்றார் செயல் அலுவலர்.

"சக்கரமில்லாத வண்டி எப்படீங்க ஓடும்? அந்தப் புள்ளைகிட்ட நல்லாக் கேளுங்க."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மறுபடியும் இல்லை என்றாள்.

"அப்ப இந்தக் கனிய நான் எங்க வெக்கறது?"

ஒன்றன்பின் ஒன்றாக ரயில்கள் போயின. கடைசியில் நிலைய அதிகாரி ஒருவர் வந்தார். குப்பை போட இடம் தெரியாமல் வெளியூர்க்காரர் தவிக்கிறார் என்று நினைத்து, பழத்தைப் பணிவோடு வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

தலைவரின் முகம் சுண்டிப்போயிற்று. "கனி குப்பைக்குப் போனப்பறம் நல்ல காரியத்துக்குப் போகக் கூடாதுங்க. வாங்க, கடைவீதிக்குப் போலாம்."

ஊர் திரும்பியதும் அறிக்கை வாசிக்கப்பட்டது. "அந்நகரில் நான்கு நாள்கள் சுற்றியும் சாக்கடை எதுவும் குழுவினர் கண்ணில் படவில்லை. வளர்ந்த நகரங்களில் சாக்கடை இருப்பதில்லை என்பது இதனால் தெரியவருகிறது. மேலும், சக்கரமின்றி வண்டி ஓடுவதைக் குழு நேரில் கண்டது. ஆகவே, வாய்க்காலின்றிச் சாக்கடை ஓடுவதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனால் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

சாக்கடையை மண் கொட்டி மூடி, மேலே வழுவழுப்பாக டைல்ஸ் ஒட்டினார்கள். 'ஐ லவ் கருங்கல்மேடு' என்று ஆளுயர எழுத்துகளை நட்டு விளக்கும் போட்டார்கள். ராசிபுரத்திலிருந்தெல்லாம் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். சௌந்திரம்கூட மில்லைச் சாத்திவிட்டு வந்து, இதயப் படத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை வந்தது. மில்லுக்குள் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர். நானும் அவளும் மோட்டாரைக் கழற்றி மேடைமேல் தூக்கி வைத்தோம். அவள் அழுத அழுகையைப் பார்க்க முடியவில்லை. பேரூராட்சி அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன்.

"சாக்கடைத் தண்ணி மில்லுக்குள்ள நிக்குதுங்க" என்றாள்.

"எந்தச் சாக்கடை?" என்று கேட்டார் செயல் அலுவலர்.

"மேக்குத் தெருச் சாக்கடைங்க."

"அது நீக்கப்பட்டுவிட்டதேம்மா. இல்லாத சாக்கடையிலிருந்து தண்ணீர் வர விதிகளில் இடமில்லை."

"அப்ப உள்ளார நிக்கறது என்னதுங்க?"

செயல் அலுவலர் பேனாவை எடுத்தார். "நியாயமான கேள்வி. இதற்கு மறுபடியும் ஷாங்காய் போனால்தான் விடை கிடைக்கும்" என்றார்.

இந்த முறை மக்கள் பங்கேற்பு உண்டு என்று அறிவிப்பு வந்தது. எவர் வீட்டில் அதிகத் தண்ணீர் நிற்கிறதோ அவர் குழுவில் சேர்க்கப்படுவார். வெள்ளிக்கிழமை நேரில் பார்வையிடப்படும். சௌந்திரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானாச்சும் போயி அந்த வடிகால் நெலையத்தப் பாத்துட்டு வாரேனுங்க" என்றவள், என் பக்கம் திரும்பி, "அங்க குளிருமுங்களா? சுவெட்டர் வாங்கோணுமா?" என்றாள்.

அவளுக்குப் போட்டி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மறுநாள் பார்த்தால் தெரு முழுக்கக் குடமும் பக்கெட்டுமாக மில் வாசலில் வரிசை. மேட்டுத் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். சௌந்திரம் கத்தியும் யாரும் கேட்கவில்லை. ஆளுக்கு ஆள் மொண்டுகொண்டு போய்த் தங்கள் வீட்டுக்குள் ஊற்றினார்கள். மாடி வீட்டு வளவன் படியேறி ஏறி ஊற்றினான்.

"ஏப்பா, மாடிக்கு எப்படித் தண்ணி வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்லுவே?" என்றேன்.

"இல்லாத சாக்கடைதானுங்க, எங்க வேணும்னாலும் ஏறும்."

வெள்ளிக்கிழமை காலையில் மில் தரை பளிச்சென்று தெரிந்தது. மோட்டாரை இறக்கிப் பூட்டி, அன்றைக்கே மாவு அரைத்திருக்கலாம். அதிகாரிகள் தெருமுனையில் ஜீப்பை விட்டு இறங்கும்போது, சௌந்திரம் காலிக் குடத்தோடு என் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"சாமி, ரெண்டு கொடம் சாக்கடைத் தண்ணி குடுங்க. அடுத்த மழைக்குத் திருப்பிக் குடுத்தர்றேன்."

எவ்வளவு கஷ்டப்பட்டவள் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் ராத்திரியெல்லாம் மொண்டு ஊற்றியும் என் கூடத்திலேயே கணுக்கால் அளவுதான் நின்றது. கதவைச் சாத்திக்கொண்டேன்.