நாய் நடத்தை நிபுணர் ஏகாம்பரம்

புதுப் பலகையைப் பார்த்த அதிர்ச்சியில் ஏகாம்பரம் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட மறந்துவிட்டார். சைக்கிள் அவர் கால்மேலேயே சாய்ந்தது. வலி அப்புறம்தான் தெரிந்தது.

பலகையில் முதல் வரி டாக்டர் ஃப்ளோராவின் பெயர், பட்டம், பதிவு எண். அது சரி, கிளினிக் அவருடையது. இரண்டாவது வரிதான் கண்ணைக் குத்தியது. "வி. ஏகாம்பரம், நாய் நடத்தை நிபுணர், 26 ஆண்டு அனுபவம்."

ஐந்து வாரத்துக்கு முன்புதான் அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். டாக்டர் ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்வது, தரை துடைப்பது. இந்த இரண்டில் எது நடத்தை, எது நிபுணத்துவம் என்று அவருக்கு விளங்கவில்லை.

"நர்மதாம்மா, இன்னா இது?" என்று உள்ளே போனார்.

வரவேற்பு மேசையில் இருந்த நர்மதா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சீட்டு எழுதுவது, பில் போடுவது, விளம்பரம் செய்வது எல்லாம் அவள்தான். "உங்க பேருதாண்ணா. எழுத்து பெருசா இருக்கட்டும்னு டாக்டர் சொன்னாங்க."

"பெரிய வார்த்தையா கீதேம்மா. மாத்திடேன்."

"பாத்தீங்களா, இந்த அடக்கம்தான் டாக்டருக்குப் பிடிச்சிருக்கு," என்றாள் நர்மதா.

நடந்தது இதுதான். டாக்டரையே மேசைமேல் ஏற்றிவிடும் நாய்கூட, ஏகாம்பரம் பக்கத்தில் வந்தால் கப்சிப். குரைப்பு நின்றுவிடும். உறுமல் தொண்டைக்குள் போய்விடும். ஊசி ஏறுவதே தெரியாமல் அவரையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். டாக்டர் ஃப்ளோரா ஒரு நாள் கேட்டார், "அண்ணா, இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?"

"கார்ப்பரேஷன்லமா. நாய்ங்க டிபார்ட்மெண்டு."

அதில் பொய் ஒன்றும் இல்லை. வண்டியை மட்டும் விட்டுவிட்டார்.

இருபத்தாறு வருஷம் நாய் வண்டியில் இருந்தவர் ஏகாம்பரம். புளியந்தோப்பிலிருந்து கொடுங்கையூர் வரை அவருடைய வலைக்குத் தப்பிய தெரு கிடையாது. பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஆனால் அதை நாய்க்கு யார் எடுத்துச் சொல்வது? மனிதர்களுக்கே சொல்லி மாளவில்லை. பிள்ளைகள் "நாய் வண்டி, நாய் வண்டி" என்று பின்னால் ஓடிவரும். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர் "இன்னா வேலை?" என்று கேட்பார். பதிலைக் கேட்டதும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்வார்.

அந்த வேலையில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. சேர்ந்த முதல் வாரம் கெண்டைக்காலில் ஒரு கடி. அதற்கப்புறம் இருபத்தாறு வருஷமும் ஒரு நாய்கூட அவர்மேல் பல்லை வைத்ததில்லை. "கண்ணப் பாத்தேன்னா அப்டியே அடங்கிடும்," என்று வியாசர்பாடி டீக்கடையில் அவர் சொல்லாத நாள் இல்லை.

கிளினிக் நாய்கள் வாயடைத்து நின்றதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பயம். எமனை அடையாளம் கண்டுகொண்ட பயம். ராயபுரத்தில் ஏசி அறையில் வளர்கிற நாய், நாய் வண்டியை எங்கே பார்த்தது என்ற கேள்வி அவருக்கும் வராமல் இல்லை. தெரு நாய் சொல்லியிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார். பக்கத்து மீன் கடைப் பூனைகூட அவர் பின்னாலேயே நடந்தது. பூனைக்கும் சேதி போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பார். ஆனால் வருகிறவர்கள் எல்லாம் "சார்" என்றார்கள். ஒரு அம்மாள் "நிபுணர் ஐயா" என்று கும்பிட்டே விட்டாள். அறுபத்தோரு வயதில் முதல் தடவையாக ஒருவர் அவருக்காக நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க அவருக்கு மனசு வரவில்லை. யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் அதில் நிம்மதியாக உட்காரவும் முடியவில்லை.

சில நாள் கழித்து நர்மதாவிடம் மறுபடி போனார். "யம்மா, நான் எட்டாவதுகூட தாண்டல. அந்த நிபுணர்ன்றத எடுத்துடேன்."

நர்மதா யோசித்தாள். சாயங்காலம் பலகை மாறியிருந்தது. "ஏட்டுப் படிப்பைத் தாண்டிய முதுநிலை நிபுணர்."

அதைக் குறைக்கச் சொல்லப் போனால் அடுத்தது என்ன வருமோ என்று பயந்து, அவர் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

பலகை வேலை செய்தது. தண்டையார்பேட்டையிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் ஆட்டோவில் நாய்கள் வந்து இறங்கின. டாக்டர் ஃப்ளோராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு திங்கட்கிழமை புதுச் சட்டை ஒன்றும், மேலே போட்டுக்கொள்ள வெள்ளைக் கோட்டு ஒன்றும் வாங்கிவந்தார்.

"இனிமே காக்கி வேணாம்ணா. நிபுணர் காக்கியில நின்னா வாட்ச்மேன்னு நெனைக்கிறாங்க."

ஏகாம்பரத்துக்கு ரிடையரான பிறகும் காக்கிச் சட்டைதான். துணி நன்றாக இருக்கிறது, எதற்கு வீணாக்க வேண்டும் என்ற எண்ணம். அன்றைக்கு அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெள்ளையில் வெளியே வந்தார். கண்ணாடியில் பார்த்தபோது டாக்டருக்கே டாக்டர் மாதிரி இருந்தது.

முதலில் வந்தது ஒரு பொமரேனியன். இரண்டு கைக்குள் அடங்கிவிடும். ஏகாம்பரம் குனிந்து கண்ணைப் பார்த்தார். அதுவும் அவர் கண்ணைப் பார்த்தது. பிறகு மேசையிலிருந்து குதித்து நேராகக் கெண்டைக்காலைக் கவ்வியது. நாய் வண்டியில் சேர்ந்த முதல் வாரம் கடிபட்ட அதே கால்.

டாக்டர் சோப்புப் போட்டுக் கழுவி, அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். ஆட்டோவில் போகும்போது வலியைவிட யோசனைதான் அதிகமாக இருந்தது. காக்கி இல்லாததால் நாய்க்கு அவரை அடையாளம் தெரியவில்லை. ஆக, நாய்கள் அடங்கியது இவருடைய கண்ணுக்கு அல்ல, நாய் வண்டிச் சட்டைக்கு.

வீட்டில் அவர் மனைவி ரமாபாய் காலில் இருந்த கட்டைப் பார்த்தாள். "இன்னா சட்டைய்யா போட்டிருந்த?"

"இன்னா ஆச்சின்னு கேப்பாங்க, எப்டி ஆச்சின்னு கேப்பாங்க. நீ சட்டையக் கேக்கற."

"சொல்லேன்."

"டாக்டரம்மா வெள்ளை குடுத்தாங்க."

"உன்ன யாரு காக்கிய கயட்ட சொன்னது? நாளைலேர்ந்து அத்ததான் போடணும், சொல்ட்டேன்."

இவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று ஏகாம்பரம் நொந்துபோனார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் வழக்கம்போல ஊசியும் நூலுமாக அவருடைய காக்கிச் சட்டைகளை மடியில் போட்டு உட்கார்ந்தாள்.

"கிழியாத சட்டைய இன்னாத்துக்கு வாராவாரம் தைக்கிற?"

"நூலு வுட்டுப்போச்சி. நீ போய் டீ குடி, போ."

காக்கியின் மேல் வெள்ளைக் கோட்டு என்று இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஏகாம்பரம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். கோட்டைப் பொத்தான் போடாமல் திறந்துவிட்டார். நாய்கள் மறுபடி அடங்கின. ஒவ்வொரு நாய் அடங்கும்போதும் அவருக்கு உள்ளே ஒன்று சுருங்கியது.

இந்த நேரத்தில்தான் திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில் இலவச வெறிநாய்த் தடுப்பூசி முகாம் என்று டாக்டர் அறிவித்தார். நர்மதா நோட்டீஸ் அடித்தாள். "நமது நிபுணர்களின் பணிப் பின்னணி" என்று தனிப் பெட்டி. டாக்டருக்கு இரண்டு வரி. ஏகாம்பரத்துக்கு ஐந்து வரி. "மாநகரின் ஆயிரக்கணக்கான தெருநாய்களுடன் நேரடித் தொடர்பு கொண்டவர். அவற்றின் இருப்பிடத்துக்கே சென்று பழகியவர்."

ஏகாம்பரம் அதை நாலு தடவை படித்தார். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதுதான் பெரிய பேஜாராக இருந்தது.

முகாம் அன்று குப்பமே நாயும் கையுமாக வந்து நின்றது. வலை பின்னும் கூடம் முழுக்க வரிசை. கடல் காற்று, காய்கிற மீன், நனைந்த வலை. அந்த வாடை அங்கே யாருக்கும் வாடை இல்லை. கிளினிக் இருக்கிற கல்மண்டபத்திலும் அப்படித்தான். புதிதாக வருகிறவர் மூக்கைப் பொத்துவார், பத்தாம் நாள் கையை எடுத்துவிடுவார்.

மத்தியானம் வரை நாற்பது நாய்களுக்கு ஊசி போட்டார்கள். ஒன்றும் குரைக்கவில்லை. கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. ரமாபாய் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து, வேலை முடியட்டும் என்று ஓரமாக நின்றாள்.

நாற்பத்தோராவதாக வந்தவள் குணசுந்தரி. சொந்தமாக இரண்டு படகு வைத்திருக்கிறவள். ஏலத்தில் அவள் குரலுக்கு எதிர்க்குரல் கிடையாது. கையில் கயிறு, கயிற்றின் முனையில் கேப்டன் என்கிற கறுப்பு நாட்டு நாய். அதன் இடது காது நுனி வெட்டுப்பட்டிருந்தது. கருத்தடை செய்த நாய்க்கு வைக்கும் அடையாளம்.

குணசுந்தரி நோட்டீஸைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், உள்ளே தெரிந்த காக்கியைப் பார்த்தாள்.

"இன்னா நைனா, நீ நாய் வண்டிக்காரன்தானே?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அஞ்சு வருசத்துக்கு முன்ன, மார்க்கெட்டாண்ட என் கேப்டன வலை போட்டு தூக்கிகினு போனது நீதானே? மூணு நாளு நான் சோறு துண்ணல. உன் மூஞ்ச நான் மறப்பனா? இதுதான் உன் பின்னணியா?"

டாக்டர் ஃப்ளோரா ஊசியைக் கீழே வைத்தார். நர்மதா நோட்டீஸ் கட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

ஏகாம்பரத்துக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் கடல் ஒரு பக்கம், குணசுந்தரி மறுபக்கம். எங்கே ஓடுவது?

"ஆமாம்மா. நான்தான்," என்றார். டாக்டர் பக்கம் திரும்பினார். "டாக்டர்மா, நான் உங்ககிட்ட முழுசா சொல்லல. நாய்ங்க டிபார்ட்மெண்டுன்னா நாய் வண்டி. எனக்கு ஒரு நடத்தையும் தெரியாது. இதுங்கள்லாம் என்னப் பாத்து பயந்துதான் கம்முனு கீதுங்க. வாயில்லாத ஜீவனுங்க பயத்த வெச்சி நான் நிபுணர்னு பேர் வாங்கிகினேன். அது தப்பு."

கோட்டைக் கழற்றி மடித்து டாக்டரிடம் நீட்டினார். அவமானமாகத்தான் இருந்தது. இத்தனை வாரமாக ஏறியிருந்த பாரம் இறங்கியதும் நிஜம்.

டாக்டர் கோட்டை வாங்கவில்லை. அவர் பார்வை கீழே இருந்தது.

"அண்ணா, பயந்த நாய் எப்பவாவது வாலை ஆட்டுமா?"

ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். நாய் வண்டிக்காரனுக்கு நாயின் வாய்தான் முக்கியம், வால் கடிக்காது. அதனால் இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாயின் வாலையும் நின்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். வலைபோட்டுப் பிடிக்கப்பட்ட அதே கேப்டன், மண் பறக்க வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அது மட்டுமில்லை. முன்னங்காலைத் தூக்கி அவர் தொடைமேல் வைத்து, காக்கிச் சட்டையின் அடி ஓரத்தை ஆசையாக நக்கிக்கொண்டிருந்தது. வரிசையில் இருந்த மற்ற நாய்களும் கயிற்றை இழுத்துக்கொண்டு அவரைப் பார்த்து வாலாட்டின.

"என் கேப்டன் என்னக்கூட இப்டி கொஞ்சாதே," என்றாள் குணசுந்தரி. கோபம் கொஞ்சம் இடறியது.

"பயம் இல்லன்னா, அப்ப இது இன்னா?" என்று ஏகாம்பரம் எல்லாரையும் பார்த்துக் கேட்டார்.

ரமாபாய் கேரியரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"கண்ணப் பாத்தா நாய் அடங்கிடும்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்ச, உன் மனசு நோவக்கூடாதுன்னு நானும் இத்தினி வருசம் வாயத் தொறக்கல," என்றாள். "நீ வேலைக்கு சேந்த மொத வாரமே கடி வாங்கிகினு வந்தியே, அன்னிலேர்ந்து வாராவாரம் உன் காக்கி சட்டை அடிமடிப்புல நெத்திலிக் கருவாட்டுத் தூளு வெச்சி தைச்சிகினு கீறேன்யா."