கயிற்றுக்கு உள்ளே நீண்ட கை

மலேசியாவின் கெடா மாநிலம் முழுக்க வலை போட்டு அரித்தாலும் பேஸ்பாலுக்கு ஒரே ஒரு ரசிகர்தான் அகப்படுவார். அவரும் எங்கள் புக்கிட் செலம்பாவில்தான் இருக்கிறார். சொந்தப் பெயர் என்னவோ இருக்கிறது. ஊருக்கு அவர் பேஸ்பால் அண்ணன். தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அமெரிக்காவில் இரவு ஆட்டம் நடக்கும்போது நமக்குக் காலை. பாய் கடையில் ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருக்கும். அண்ணன் கைப்பேசியில் கண்ணை நட்டிருப்பார்.

ஆட்டம் முடிந்ததும் தமிழ் நாளிதழ் அவரிடம் மாட்டிக்கொள்ளும்.

“பந்த ஒதைச்சவனுக்கு முக்கால் பக்கம். பேஸ்பாலுக்கு ஒரு வரி இருக்கா பாரு தம்பி! என்னா பேப்பர்லா இது?”

அமெரிக்க வர்ணனையாளர்களும் தப்புவதில்லை. “ஒம்பது இன்னிங்ஸ் வெளாடறான். இவனுங்க அவன் தாடியப் பத்தியே பேசறானுங்க!” மாதம் தவறாமல் நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார். ஒன்றுகூட அச்சேறியதில்லை.

பார்வையாளர் ஒழுக்கம் என்று வந்துவிட்டால் நெற்றிக்கண்ணே திறந்துவிடும். ஆடுகளத்துக்குள் கை நீட்டிப் பந்தைப் பிடிக்கும் ரசிகன் அவருக்குக் கொலைகாரன். அமெரிக்காவில் எவனோ கை நீட்டியதற்கு இங்கே பாய் திட்டு வாங்கியிருக்கிறார். ஒருமுறை தோட்டத்துக் கோயில் தீமிதியில், கயிற்றுக்குள் கையை நீட்டிப் படம் பிடித்த கோயில் தலைவரையே அதட்டினார்.

“தலைவரே, கைய வெளிய எடுங்க! பாக்க வந்தவன் பாக்கணும், அவ்ளோதான்!”

அன்றைக்கு அன்னதானத்தில் அவர் இலைக்கு மட்டும் பாயசம் வரவில்லை.

போன வருஷம் அவர் மகள் கவிதா பள்ளியின் சாஃப்ட்பால் குழுவில் சேர்ந்தாள். பேஸ்பாலுக்குத் தங்கை முறை ஆகும் விளையாட்டு அது. மாவட்ட இறுதியாட்டத்துக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு பாயும் வந்தார். திடலைச் சுற்றிக் கயிறு. பந்து தரையில் படாமல் கயிற்றைத் தாண்டினால் முழு ஓட்டம்; அடித்தவளோடு தளத்தில் நிற்பவளுக்கும் ஓர் ஓட்டம் சேரும். எதிரணி ஓர் ஓட்டம் முன்னால். எங்கள் பெண் ஒருத்தி தளத்தில் நிற்க, மட்டையோடு வந்த கடைசி ஆள் கவிதா. ஓங்கி அடித்தாள்.

பந்து எங்கள் பக்கமே வந்தது. கயிற்றுக்கு உள்ளே எதிரணிப் பெண் ஒருத்தி அதைப் பிடிக்கத் தயாராக நின்றாள். அண்ணனின் கை தன்னால் நீண்டது. பந்து அவர் கையில்!

தூரத்தில் நின்ற நடுவர், பந்து கயிற்றைத் தாண்டிவிட்டதாகக் கையைச் சுழற்றினார். எதிரணிப் பெண் கத்தியது யார் காதிலும் விழவில்லை. ஜெயித்துவிட்டோம்! பாய் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். அண்ணன் மட்டும் பேயறைந்தது போல நின்றார்.

“வாய மூடிக்கிட்டு இருங்கண்ணே,” என்றார் பாய், பல்லைக் கடித்துக்கொண்டு.

“எப்படி பாய்? ஊரையே திட்டுனவன் நான்.”

குனிந்து கயிற்றைக் கடந்து நடுவரிடம் போனார். பந்து உள்ளேதான் இருந்தது, கை நீட்டியது நான்தான் என்று மலாயில் ஒப்புக்கொண்டார். எதிரணிப் பெண் பிடித்திருக்க வேண்டிய பந்து என்று நடுவர் தீர்ப்பை மாற்றினார். கவிதா அவுட். கோப்பை போயிற்று.

மகள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அண்ணன், ‘பார்வையாளர் ஒருவரின் கேவலமான நடத்தை’யைக் கண்டித்து, அந்தப் பார்வையாளர் நானே என்று கையெழுத்தும் போட்டு நாளிதழுக்கு எழுதினார். ஒரு வரி வெட்டாமல் போட்டுவிட்டார்கள்.

கடிதம் வந்த அன்று கவிதா கடைக்கு வந்து, பேப்பரை வாங்கிப் படித்தாள்.

“என்னாப்பா இது? கை நீட்டுனது நீங்கன்னு போட்டிருக்கீங்க. அவ்ளோ தூரம் அடிச்சது யாருன்னு போடவே இல்லியே?”

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முக்கியத் தகவல் விடுபட்டதைக் கண்டித்து அங்கேயே அடுத்த கடிதத்தைத் தொடங்கினார். பேஸ்பால் எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் அந்த மனுஷரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.