மில்லிமீட்டரும் அம்மாவின் பத்து மீட்டரும்

'கொஞ்சம்' என்ற சொல்லை வாயில் எடுக்காமலே ஒரு மனிதரால் எழுபது வயதைத் தாண்டிவிட முடியும். நம்பாதவர்கள், புதுச்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த மில்லிமீட்டரைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பென்ஷன் தாளோடு சரி. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். சொல்தா என்றதும் துப்பாக்கியை நினைக்காதீர்கள். கிடங்கில் கயிறும் கம்பளியும் அளந்து கொடுத்தே ஓய்வு பெற்றவர். நேரில் எல்லோரும் பிரெஞ்சு மரியாதையாக "முசியே" என்போம். தெருமுனை திரும்பினாரோ இல்லையோ, மில்லிமீட்டர். சட்டைப் பையில் நமக்குப் பேனா இருக்கிற இடத்தில் அவருக்கு ஸ்டீல் டேப் இருக்கும்.

ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவர், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றால், "எத்தினி சென்டிமீட்டர்?" என்று கேட்பார். கேலியில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார். தள்ளச் சொன்னவர் இறங்கி அடுத்த ஆட்டோவில் வந்துவிடுவார். யாராவது ரெண்டரை அடி என்று சொல்லி வாய் மூடுவதற்குள், "எழுபத்தாறு புள்ளி ரெண்டு" என்று மாற்றிச் சொல்லிவிடுவார். அடிக்கும் அங்குலத்துக்கும் அவர் அகராதியில் இடமில்லை.

பெரிய மார்க்கெட்டில் பூக்காரப் பெண்கள் அவரைக் கண்டாலே கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வார்கள். காரணம் உண்டு. ஒருநாள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்த நாலு பேருடைய முழத்தையும் டேப் வைத்து அளந்துவிட்டார். முதல் கடையில் நாற்பத்தொன்று, மூன்றாவது கடையில் நாற்பத்தெட்டு. தெரு முழுக்கச் செய்தி பரவி, எல்லோரும் மூன்றாவது கடையில் போய் மொய்த்தார்கள்.

முதல் கடைக்காரி விடவில்லை. "இன்னா முசியே, ஆண்டவன் எனக்குக் கைய குட்டையா வெச்சான். அதுக்கு நீ கடைய மூடிடுவியா?"

மில்லிமீட்டருக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாள் நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்கு ஒரு மூங்கில் குச்சி வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் அதை வைத்து மாடு விரட்டினாள்.

இப்படிப்பட்டவருக்கு நேர் எதிர் என் அம்மா. கைதான் அவளுக்குத் தராசு, கண்தான் படி. ஒருமுறை எங்கள் வீட்டுச் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, பெருங்காயம் எவ்வளவு என்று கேட்டார் மில்லிமீட்டர்.

"ஒரு சிட்டிகை."

அவ்வளவுதான். மாடிக்கு ஓடிப்போய்ச் சின்னத் தராசோடு இறங்கி வந்தார். அம்மாவை மூன்று முறை சிட்டிகை எடுக்க வைத்தார். முந்நூறு மில்லிகிராம், நானூறு, இருநூறு.

"மதாம், உங்க சிட்டிகை ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போவல."

"என் விரலு சாம்பாரப் பாத்து எடுக்குது முசியே. உங்க தராசப் பாத்து இல்ல" என்றாள் அம்மா. அதன் பிறகு ஆறு மாதம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த அம்மாதான் ஒரு காலையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவள் கட்டிலை விட்டு இறங்க மறுத்தாள். மறுபடி விழுந்துவிடுவோமோ என்று பயம். இப்படியே ஒரு மாதம் படுத்திருந்தால் பிறகு எழவே முடியாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அம்மாவிடம், "கொஞ்சம் கொஞ்சமா நடங்க" என்றார்.

செய்தி மாடிக்குப் போனது. ஆறு மாதப் பிணக்கை மறந்து மில்லிமீட்டர் இறங்கி வந்தார். என் போனைப் பிடுங்கி டாக்டரிடமே கேட்டார். "நடங்கன்னா எத்தினி மீட்டர் தொக்தர்?" டாக்டர் பாவம், வெளியே எத்தனை நோயாளிகளோ. "பத்து மீட்டர் தனியா நடக்கட்டும். அப்புறம் வெளியில போவலாம்" என்று சொல்லித் தப்பித்தார்.

அன்றே அம்மாவைக் கட்டிலோரம் நிறுத்தி, தரையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து, வாசல் வரை போகும் நடையில் கைப்பிடி வைக்க உயரம் எண்பத்திரண்டு சென்டிமீட்டர் என்றார். அரியாங்குப்பம் வெல்டிங் பட்டறைக்குப் போன் செய்தது நான். எண்பத்திரண்டு என்று மட்டும் சொன்னேன். பட்டறைக்காரருக்கு அங்குலம்தான் தாய்ப்பால். ஏறக்குறைய ஏழடி உயரத்துக்குக் கைப்பிடி வந்து இறங்கியது.

"கைப்பிடின்னு சொன்னீங்க. யாரு கைன்னு சொல்லலியே" என்றார் பட்டறைக்காரர்.

மில்லிமீட்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "சென்டிமீட்டர்னு சொல்லாம வெறும் நம்பர சொல்றது, ஊரு பேரு சொல்லாம டிக்கெட் கேக்குற மாதிரி தம்பி." கம்பியை அறுத்துச் சரிசெய்யும் வரை ரெண்டு நாள் அதில் துணி காயப் போட்டோம்.

பிறகு நடையில் மீட்டருக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு எண் எழுதினார். பத்தாவது கோடு வாசலை ஒட்டி, செருப்பு அலமாரிக்கு நேராக விழுந்தது. கம்பியைத் தொடாமல் அதைத் தொட வேண்டும், கால் தடுமாறினால் மட்டும் பிடிக்கலாம் என்பது சட்டம்.

"நான் இன்னா பொடவயா, மீட்டர்ல அளக்க?" என்றாள் அம்மா. ஆனாலும் அவரிடம் தோற்கக் கூடாது என்ற வீம்பில் எழுந்தாள். ஒன்று, இரண்டு, நான்கு. பத்து நாளில் ஆறு. அதோடு நின்றது. ஆறாவது கோட்டைத் தொட்டதும் கால் நடுங்கும், கை தானாகக் கம்பிக்குப் போகும். ஒரு வாரம் ஆறிலேயே நின்றாள். ஒரு மாலை, "போதும்ப்பா, எனக்குக் கட்டிலே கதி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. மில்லிமீட்டர் மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை பார்த்தால் கோடுகள் எல்லாம் புதிதாக இருந்தன. "சாரல்ல அழிஞ்சி போச்சி, திரும்பப் போட்டேன்" என்றார். "ஒரே ஒரு தரம், மதாம்" என்று அம்மாவைக் கெஞ்சி எழுப்பினார். அம்மா அன்றைக்கு ஏழைத் தொட்டாள். தொட்டவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த வாரமே எட்டு, ஒன்பது. அடுத்த திங்கட்கிழமை, கம்பியைத் தொடாமல், பத்து!

"இன்னா முசியே, அளந்து பாத்துக்குங்க" என்றாள் சின்னப் பெண் போல. தெருவில் போன மீன்காரம்மாவைக் கூப்பிட்டு, பத்து மீட்டர் நடந்த கதையைச் சொன்னாள்.

எனக்கு ஒன்று உறுத்தியது. செருப்பு அலமாரிக்கு நேராக இருக்க வேண்டிய பத்தாவது கோடு, நடையில் நிறுத்தியிருந்த என் சைக்கிளுக்கு இந்தப் பக்கமே முடிந்திருந்தது. டேப்பை எடுத்து அளந்தேன். கோட்டுக்குக் கோடு எண்பது சென்டிமீட்டர். அம்மா நடந்தது எட்டு மீட்டர்.

மாடிக்கு ஓடினேன். "முசியே, கோடு தப்பா இருக்கு. ஒவ்வொண்ணும் இருவது சென்டிமீட்டர் கொறையுது."

அவர் எழுந்து போய்ப் படியில் எட்டிப் பார்த்தார். கீழே அம்மா பாடிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நாளைலேருந்து தெனம் காலைல அழிச்சி ஒரு சென்டிமீட்டர் நீட்டிப் போட்டுடறேன். இருவது நாள்ல சரியாயிடும். அதுவரைக்கும் மதாம்கிட்ட மூச்சு வுடாத."

"நீங்களா முசியே இப்படி?"

மேசைமேல் இருந்த டேப்பை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வுடு தம்பி," என்றார். "கொஞ்சம்தான?"