ஊறுகாய் பாட்டிலில் ஒரு கிட்டார் எலும்பு

உங்கள் அம்மா எப்போதாவது எருமை எலும்பைத் தேங்காய்க் கீற்று என்று நினைத்து வாய்வரை கொண்டுபோயிருக்கிறாரா? இல்லையா? அப்படியானால் உங்கள் வீட்டு மாடியில் டிங்கு குடியிருந்ததே இல்லை.

திருவனந்தபுரத்தில் கையில் கிடைத்த அத்தனை பொருளையும் கீழே போட்டுக் காது கொடுத்துக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். சாவி, டம்ளர், தாழ்ப்பாள், எதையும் விடமாட்டார். வேலை, பல்செட் செய்யும் லேபில். ஒரு தடவை யாருக்கோ டெலிவரி போக வேண்டிய புத்தம்புது பல்செட்டை எங்கள் படிக்கட்டில் போட்டுவிட்டு, "கீழ்வரிசை நல்லாப் பாடுது, மேல்வரிசை கொஞ்சம் மந்தம்" என்றார். அந்தப் பல் இப்போது யார் வாயில் இருக்கிறதோ!

நாங்கள் வலியசாலை அக்ரஹாரம். டிங்கு வாடகைக்கு வந்த அன்றே அம்மா கண்டிஷன் போட்டாள். "முட்டை வாசனைகூட வரப்படாது, ஆமா."

"மாமி, நான் முட்ட போட்ட கேக்கே திங்கமாட்டேன்."

அது சத்தியம். மனிதர் சுத்த சைவம். அதை நம்பித்தான் அம்மா அவருக்கு ஒரு பாட்டில் உப்புமாங்காய் கொடுத்து அனுப்பினாள். பாட்டிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் கிட்டார். பல வருஷமாக அம்மாவுக்கு அது "சினிமாக் கட்டை". சரஸ்வதி பூஜைக்குப் புஸ்தகம் வைப்போம், அம்மாவின் வீணை வைப்போம். கிட்டார் மட்டும் பீரோவுக்குப் பின்னால் நிற்கும். அந்த வருஷம் நான் கெஞ்சிய கெஞ்சலில் அம்மா இறங்கி வந்து, வீணைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். ஒரே கண்டிஷன்: "ஒடஞ்ச வாத்தியம் பூஜையில வைக்கப்படாது. முழுசா இருக்கணும்." மறுநாளே சேடில் விரிசல் விட்டது. எனக்கு எப்படி இருந்திருக்கும்!

சேடில் என்றால், கிட்டாரின் வயிற்றுப் பக்கம் கம்பிகள் ஏறி உட்காரும் குட்டிப் பட்டை. கழுத்து முனையில் இருக்கும் இன்னொரு பட்டை, நட். கம்பியின் அதிர்வு இந்த இரண்டின் வழியாகத்தான் மரத்துக்குள் இறங்கும். என்னுடையது இரண்டும் பிளாஸ்டிக். டிங்கு உடைந்த துண்டை வாங்கித் தரையில் போட்டார். டப்.

"ஐயே! இத்தன நாளும் இத வச்சா வாசிச்ச? இது வாத்தியமா, சோப்பு டப்பாவா?"

பூஜைக்கு இரண்டு வாரம் இருந்தது. முதலில் சாலைக் கடைத்தெருவில் வாங்கிய பித்தளையில் ஒன்று செய்தார். வாசித்தால் தெருவே தீபாராதனை என்று ஓடிவரும் சத்தம். அடுத்தது தேங்காய்ச் சிரட்டை. அது இருமியது. மூன்றாவது, சத்தியமாக, பல்செட் ஈறு செய்யும் ரோஸ் கலர் பிளாஸ்டிக். என் கிட்டார் எல்லோரையும் பார்த்து ஈறு தெரியச் சிரித்தது.

"இனி எலும்புதான்," என்று என்னையும் இழுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனார். நான் வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைக்காரர் கேட்டார்: "சூப்பினாணோ சாரே?"

"அல்ல சேட்டா, கிட்டாரினு."

சூப்புக்கு இல்லை, கிட்டாருக்கு என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு எலும்பாகத் தரையில் போட்டுக் குனிந்து கேட்க ஆரம்பித்தார். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

வாங்கிய எலும்பைச் சுத்தம் செய்து, பத்துத் துண்டாக அறுத்து, கொழுப்பு போகச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். எந்தப் பாட்டிலில்? அதே பாட்டிலில்.

நவராத்திரி அஷ்டமியன்று காலை. கேரள வழக்கப்படி அன்று சாயங்காலமே புஸ்தகமும் வாத்தியமும் பூஜைக்கு வைக்க வேண்டும். கொடியில் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன அம்மா, தன் பாட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்த துண்டுகளைப் பார்த்தாள்.

"என்ன டிங்கு, தேங்காக் கீத்தா?" ஒன்றை எடுத்து வாய்ப்பக்கம் கொண்டுபோனாள்.

"மாமி! வாயில வைக்காதிய! எலும்பு அது!"

அம்மா கையை உதறினாள். துண்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது. டிங்ங்ங்.

டிங்கு ஆனந்தத்தில் குதித்தார். "கேட்டியளா மாமி! பத்துத் துண்டுலயும் இது ஒண்ணுதான் இப்பிடிப் பாடுது! அடிபொளி செலக்ஷன்!"

"எலும்பா? எதோட எலும்பு?"

"எருமை."

"என் பாட்டில்லயா?"

"மாமிக்க பாட்டில்லதான்."

அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னாள். "அந்தக் கட்டை இந்த வருஷம் உள்ள வராது. எந்த வருஷமும் வராது. நீ அழுதாலும் சரிடீ." நான் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

டிங்குவுக்கு அதெல்லாம் காதிலேயே விழவில்லை. பல் கடி சரியா என்று பார்க்கும் நீலத்தாளை வைத்து, சேடிலின் அடிப்பக்கம் எங்கே தூக்குகிறது என்று பார்த்துப் பார்த்து ராவிக்கொண்டிருந்தார். "பல்லும் இதும் ஒண்ணுதான். ஒரு நூலு ஒசந்தாலும் கடிக்கும்." சாயங்காலம் நட்டும் சேடிலும் போட்ட கிட்டாரோடு கீழே வந்தவர், வாசல்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மாமி, அந்த வீணைக் குடத்த சுத்தி வெள்ளையா ஒரு கொடி ஓடுதே, அது என்னன்னு நினைச்சிய?"

"பிளாஸ்டிக்."

"தூரத்துல நின்னு பாத்தே நெஜப்பல்லா பொய்ப்பல்லான்னு சொல்லுவேன். இது மான் கொம்பு மாமி."

"போடா!"

அம்மா உடனே, வீணை வாங்கிய தஞ்சாவூரில் இருக்கும் தன் அண்ணாவுக்கு ஃபோன் போட்டாள், ஸ்பீக்கரில். மாமா சாவதானமாகச் சொன்னார்: "ஆமா, மான் கொம்புதான். அந்தக் காலத்து வேலைன்னா! ஒனக்குத் தெரியாதா?"

கல்யாணமான நாளிலிருந்து வருஷா வருஷம் மஞ்சளும் குங்குமமும் வைத்த வீணையை அம்மா பார்த்தாள். கிட்டாரைப் பார்த்தாள். படியில் நின்ற டிங்குவைப் பார்த்தாள்.

"மான் ஒக்காந்துண்டிருக்கு," என்றாள். "எருமையும் ஒக்காரட்டும். கொண்டா இங்க."

போன வருஷம் டிங்கு வித்துராவில் சொந்தமாகப் பல் லேப் போட்டுக் கிளம்பிவிட்டார். இப்போதெல்லாம் அடுக்களையில் கரண்டி விழுந்தால் அம்மா உடனே எடுப்பதில்லை. சத்தம் அடங்கும்வரை அப்படியே நிற்கிறாள். நேற்று ஒரு பாட்டில் உப்புமாங்காய் வித்துரா பஸ்ஸில் போனது. அம்மாவுக்குப் பாட்டில் திரும்பி வர வேண்டாமாம்.

இன்று அஷ்டமி. கிட்டார் வீணைக்குப் பக்கத்தில் இருக்கிறது, நாளை மறுநாள் விஜயதசமி காலைவரை தொட முடியாது.