கல்லு பட்டாளத்தின் காலை நடை

காசு கொடுத்தாலும் யாரும் செய்ய மாட்டார்கள் என்கிற வேலையை, காசில்லாமல், தினமும், சந்தோஷமாகச் செய்த ஒரே மனிதர் இந்தப் பூவுலகத்திலேயே எங்கள் ஓசூர் தாலுக்கா ஆபீஸின் தலைமைச் சேவகரான டபேதார்தான். யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. ஊருக்கு அவர் ‘கல்லு பட்டாளம்’.

ஐம்பதுகளின் ஆரம்பம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து குமாஸ்தாவாக மாற்றலாகி ஓசூரில் வந்து இறங்கிய மறுநாள் காலை, குளிரில் பல் தந்தியடிக்க ராயக்கோட்டை சாலையில் நின்றிருந்தேன். ஒருவர் முதுகில் பெரிய பட்டாளத்துப் பையோடு வேகமாக வந்தார். பாவம், எவ்வளவு பாரமோ என்று மனசு இளகி, “கொஞ்ச தூரம் நான் சுமக்கிறேனே” என்றேன். மறுக்காமல் கழற்றிக் கொடுத்தார். பையும் நானும் சேர்ந்து தரைக்குப் போனோம்.

“உள்ளே என்ன இருக்கு?”

“கல்லுங்க சாமி.”

“யார் வீடு கட்டறா?”

“வீடெல்லாம் இல்லீங்க. ஒடம்புக்கு. ரெண்டு மணங்கு எடை. தினம் உத்தனப்பள்ளி பக்கமா மூணு மைலு எடுத்துட்டுப் போவேன்.”

“அங்கே கொண்டுபோய்?”

“திருப்பி எடுத்துட்டு வந்துருவேன்.”

அன்று ஆபீசில் பேனாவை மைக்கூட்டுக்குப் பதில் காப்பி டம்ளரில் தோய்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மைசூர் எல்லை வரை போவார். நம் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் தாராளம். விடியற்காலையில் எல்லையிலிருந்து கனத்த பையோடு ஒருவன் வந்தால் போலீஸ்காரர் என்ன நினைப்பார்? ஒரு நாள் பிடித்துவிட்டார். பையைக் கவிழ்த்தார். கல். அவரால் நம்ப முடியவில்லை. கல்லுக்குள்ளேதான் ஏதோ இருக்கிறது என்று சம்மட்டி வரவழைத்து ஒவ்வொன்றாக உடைத்தார். வேடிக்கை பார்த்த கன்னடத்துக் குடியானவர் ஒருவர், “பரீ கல்லா?” என்று வாயைப் பிளந்தார். எல்லாம் வெறும் கல்தான். உடைத்து முடித்ததும் பட்டாளம் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

“ரொம்ப உபகாரமுங்க. முழுக் கல்லு முதுகுல குத்திட்டே இருந்துச்சு. இனி நல்லா அடுக்கலாம்.”

போலீஸ்காரர் சம்மட்டியோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாராம்.

அந்தக் கற்களில் ஒன்றைக்கூட யாரும் தொடக் கூடாது. காற்றில் காகிதம் பறக்கிறதே என்று தாசில்தார் ஒரு முறை அவர் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தார். சாயங்காலமே பட்டாளம் போய் நின்று, “எஜமான், எடை கொறையுதுங்க” என்று அதை வாங்கிக்கொண்டு, வேறு கல் வைத்துவிட்டு வந்தார்.

என் தொப்பை வளர்வதைப் பார்த்து அவர் நச்சரித்த நச்சரிப்பில், ஒரு நாள் வெறுங்கையோடு நானும் கிளம்பினேன். மூன்று மைலில் மூச்சு வாங்கி, கேழ்வரகுக் கொல்லை ஓரம் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். கணுக்காலில் நெருப்பு வைத்தாற்போலிருந்தது. புல்லுக்குள் கண்ணாடி விரியன் நழுவிப் போனது.

பாம்பைவிட, அடுத்து நடந்ததுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பட்டாளம் பையைத் தலைகீழாகப் பிடித்து அத்தனை கல்லையும் நடுரோட்டில் கொட்டினார். வெறும் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“ஏறுங்க சாமி!”

“நான் நடந்தே…”

“நடந்தா வெசம் ஏறும். நீங்க ஏறுங்க!”

ஏறினேன். அவர் ஓடவில்லை, அதே பட்டாள நடைதான், இரண்டு மடங்கு வேகத்தில்.

“கழுத்த நெரிக்காதீங்க, தோளப் புடிங்க. ஆடாதீங்க. கல்லு இப்பிடியா ஆடுது?”

கால் வீங்கி, கண் செருகியது.

“தூங்கக் கூடாது. பேசுங்க சாமி!”

“என்ன பேச?”

“என்னத் திட்டுங்க. ஆபீசுல எல்லாரும் அதத்தான பண்றீங்க?”

திட்டினேன். ஒரு மைலில் என் சரக்கு தீர்ந்துவிட்டது. அவரே கன்னடத்தில் நாலும் தெலுங்கில் மூன்றும் சொல்லிக் கொடுத்து, தன்னைத் திட்ட வைத்து, ஆஸ்பத்திரி வாசல் வரை என் கண்ணை மூடவிடாமல் கொண்டுவந்து சேர்த்தார்.

ஊசி போட்ட டாக்டரிடம், “பொழச்சுக்குவாருங்களா?” என்று கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம். இப்போ பயமில்லை.”

“அப்ப நான் போயி கல்லப் பொறுக்கிட்டு வந்துர்றேன்.”

எனக்கு வந்த ஆத்திரம் விஷத்தைவிட வேகமாக ஏறியது. மனுஷன் சாகக் கிடக்கிறேன், இவருக்குக் கல்லா?

சாயங்காலம் நர்ஸம்மா வந்து மெதுவாகச் சொன்னார்: “உங்களத் தூக்கிட்டு வந்தவரு எங்கேயும் போவலீங்க. காலையிலேருந்து பின்னால புளியமரத்தடியில உக்காந்துட்டு, மொகத்த மூடிட்டு அழுதுட்டே கீறாரு. காப்பி குடுத்தாக்கூட வேணாங்கறாரு.”

விளக்கு வைக்கிற நேரத்தில் பட்டாளம் உள்ளே வந்து, கட்டிலருகே விறைப்பாக நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“கல்லெல்லாம் கிடைச்சுதா?” என்று கேட்டேன்.

“எல்லாம் இருந்துச்சுங்க சாமி. ஒண்ணுகூடக் கொறையல.”

அவர் முதுகில் பை துவண்டு, வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“ரொம்ப சந்தோஷம்” என்றேன்.