உங்கள் தங்கை கணக்குப் படிக்கப் போகிறாளாம்

மதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு, பணிவான வணக்கம்.

தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

உங்கள் தங்கை பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். ஆமாம் மச்சான், மகள் இல்லை, மகளைப் பெற்றவள். மகள்தான் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டாளே, இனி இவள் ஓய்வாக இருப்பாள் என்று நான் நினைத்தால், "கல்யாணத்துக்காகப் பாதியில விட்டதை முடிக்கப் போறேன்" என்கிறாள். "கணக்குதான் வேணுமா? தையல் கியல்னு ஏதாவது..." என்றேன். "தையல் பிடிக்கும்னு உங்ககிட்ட யார் சொன்னா?" என்றாள். யாரும் சொல்லவில்லைதான்.

அன்றிலிருந்து அடுப்பில் பால் பொங்குகிறது, இவள் பக்கத்திலேயே நின்று ஏதோ முணுமுணுக்கிறாள். காகிதம் தீர்ந்துபோய், என் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற அட்டையின் பின்பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டு வைத்துவிட்டாள். நான் கவனிக்காமல் அதைத் திருப்பி மாட்டிவிட்டேன். வந்த பெரியவர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லாத் தெரியுது தம்பி, ஒண்ணும் புரியலை. இதுக்கும் கண்ணாடி இருக்கா?" என்று கேட்டார்.

நேர்காணலுக்கு நான்தான் துணைக்குப் போனேன். பெற்றோர்கள் காத்திருக்கும் கூடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். பக்கத்திலிருந்தவர், "பொண்ணா, பையனா?" என்றார். "மனைவி" என்றேன். மனிதர் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்தவளின் கை முழுக்கச் சுண்ணக்கட்டித் தூள். "ஒரு கேள்விக்கு விடை தெரியலைங்க. தெரியலைன்னே சொல்லிட்டேன். 'பரவாயில்லை, யோசிங்க, நாங்க காத்திருக்கோம்'னாங்க. என்கிட்ட ஒருத்தர் 'யோசிங்க'ன்னு சொல்லி எத்தனை காலமாச்சு தெரியுமா?" என்றாள். "விடை வந்துச்சா?" என்றேன். "வரலை. ஆனா எங்க மாட்டிக்குதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்" என்று சிரித்தாள். வீடு வரும்வரை பேருந்து ஜன்னலில் விரலால் எழுதிக்கொண்டே வந்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இவளுக்கு இடம் கிடைத்துவிடுமோ என்ற பயம் எனக்குப் பிடித்துக்கொண்டது. இடம் கிடைத்தால் விடுதியில் தங்க வேண்டும்; சனி, ஞாயிறு மட்டும்தான் வீடு. சாப்பாட்டை எப்படியோ சமாளித்துவிடுவேன் மச்சான். கடையைப் பூட்டிவிட்டு வந்து அன்றைய கதையை யாரிடம் சொல்வது? ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, "இந்த வயசுல வேண்டாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் சொன்னால் அவள் முகம் வாடும், அதை நான் பார்க்க வேண்டியிருக்கும். நீங்கள் சொன்னால் அண்ணன் மேல் கோபம் என்பதோடு போய்விடும்.

தங்கள் குடும்பம் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத மைத்துனன்

பி.கு.: உறையில் பசை தடவும்போது பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசி. இடம் கிடைத்துவிட்டது! அவள் காய்கறி வாங்கப் போயிருந்தாள். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, காலில் செருப்புகூட இல்லாமல் சந்தைக்கு ஓடினேன். தெருவே என்னவோ ஏதோ என்று பின்னால் ஓடி வந்தது. எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் அவள், "ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பையைக் கீழே போட்டாள். சொன்னேன். நீங்கள் அவசியம் வாருங்கள். பெட்டி தூக்க ஆள் வேண்டும். ஆனால் "வேண்டாம்" என்று வாயைத் திறந்தீர்களோ, மைத்துனர் என்றுகூடப் பார்க்க மாட்டேன். மற்றபடி, சந்தை நடுவில் ஒருவர் தேம்பித் தேம்பி அழுததாக யாராவது வந்து சொன்னால், அது உங்கள் தங்கைதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.